பதினான்கு தப்படி

ஸ்ரீவில்லிபுத்தூர்
3 ஆகஸ்ட் 2025

ஏட்டி மாரி,

என் நம்பரை நீ பிளாக் செய்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. வாட்ஸப்பில் உன் படம்கூடத் தெரிவதில்லை. சரி, தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாதல்லவா? அதனால்தான் இந்தக் கடிதம். பதினோரு கிலோமீட்டரில் இருக்கும் ராஜபாளையத்துக்கு இது எத்தனை ஊர் சுற்றி வந்து சேருமோ, தெரியாது. நேரில் வரலாம் என்றால், உன் வீட்டு வாசலில் நின்று உன் அம்மா முன்னால் திட்டு வாங்க எனக்குத் தெம்பில்லை.

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். வலது கை மோதிர விரலில் கட்டு. செண்பகத்தோப்பு வனத்துறைச் சாவடியில் வண்டி நம்பர் எழுதுவதுதான் இப்போது எனக்குப் பெரிய வேலை. ரோந்துக்கு அனுப்புவதில்லை. ஆடிப்பூரத் தேர் அன்று பார்த்தவர்களெல்லாம், "வடம் பிடிக்கையில நசுங்கிருச்சோ?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கிரிக்கெட் என்றால் இன்னும் பத்துக் கேள்வி கேட்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை இருபதாம் தேதி மைதானத்தில் அத்தனை பேர் முன்னால் நீ என்ன சொன்னாய்? "கைக்கு வந்த கேட்சை விட்டுட்டா. இவள நம்பி நான் பந்து போடணுமாக்கும்." ஐந்து வருடமாக மாவட்ட அணிக்கு நீ பந்து போடுகிறாய், நான் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கிறேன். ஒரு நாள்கூட இப்படிப் பேசியதில்லை. அந்தப் பந்து என் கைக்கு வரவில்லை மாரி. எனக்கு முன்னால் விழுந்து, தரையில் பட்டு எழும்பி, விரலை ஒடித்துவிட்டுப் போனது.

ஏன் வரவில்லை என்று சொல்கிறேன், கேள். உன் பந்துக்கு எப்போதும் ஸ்டம்பிலிருந்து பதினான்கு தப்படி எண்ணிப் பின்னால் போய் நிற்பேன். அங்கே நின்றால் பந்து இடுப்புயரத்தில் வந்து சேரும். இந்த ஜூன் மாதத்திலிருந்து அதே இடத்தில் கணுக்காலுக்கு வருகிறது. பதினொன்றில் நின்றால்தான் இடுப்புக்கு வருகிறது. மூன்று தப்படி அளவுக்கு உன் வேகம் குறைந்திருக்கிறது. உனக்கு முன்னால் என் கையுறைக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்தும் ஏன் பதினான்கில் நின்றாய் என்பாய். சோலைராஜ் சாரிடம் வேகம் அளக்கும் கருவி எதுவும் கிடையாது. பயிற்சியாளர் என்று பெயர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நோட்டு, அவ்வளவுதான். அவர் பந்தைப் பார்ப்பதைவிடக் கீப்பர் எங்கே நிற்கிறாள் என்றுதான் பார்ப்பார். நான் மூன்று தப்படி முன்னால் வந்தால் அன்று சாயங்காலமே நோட்டில் 'மாரிச்செல்வி, வேகம் குறைவு' என்று ஏறிவிடும். ஆகஸ்ட் முப்பத்தொன்று தேர்வுப் போட்டி. மாநில முகாமுக்கு நம் மாவட்டத்திலிருந்து ஒரு வேகப்பந்து வீச்சாளரை எடுத்தாலே பெரிய காரியம். அதனால் நின்றேன். நீ கேட்கவில்லை, நானாகத்தான் நின்றேன்.

விரல் ஒடிந்ததற்குக்கூட எனக்குக் கோபமில்லை. உனக்கு எங்கேயோ வலிக்கிறது, அதை என்னிடம் சொல்லவில்லையே, அதற்குத்தான் கோபம்.

ஜெயா


ராஜபாளையம்
7 ஆகஸ்ட் 2025

ஜெயசித்ராவுக்கு,

கடிதம் வந்தது. அம்மாதான் வாங்கினாள். "யாருட்டி இந்தக் காலத்துல காயிதம் போடுதா, கோர்ட்டு நோட்டீசா?" என்று மில்லுக்கே போன் போட்டுக் கேட்டாள். அம்மா வெள்ளைத்தாய் போனில் கத்தினால் பருத்தி சோதிக்கும் அறை முழுக்கக் கேட்கும். எல்லாரும் சிரித்தார்கள்.

உன்னை யார் அங்கே நிற்கச் சொன்னது? எனக்கு ஒன்றுமில்லை. ஆனி ஆடியில் மலையிலிருந்து எப்படிக் காற்று அடிக்கும் என்று உனக்குத் தெரியாதா? அந்தக் காற்றை எதிர்த்து ஓடி வருகிறேன். அன்று பிட்ச்சில் ஈரம் வேறு. கையுறை ஜோசியம் பார்க்கிறாயாக்கும்.

தினமும் காலை அய்யனார் கோவில் ரோட்டில் ஆறு கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். வலி இருக்கிறவள் ஓடுவாளா? காலையில் கொஞ்சம் பிடிப்பு மாதிரி இருக்கும், இரண்டு மாத்திரை போட்டால் சரியாகிவிடும். அது எல்லாருக்கும் இருப்பதுதான்.

இங்கே வேறு கதை நடக்கிறது. தேவதானத்திலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். பரிபூரணம் என்று பெயர், பதினேழு வயது. விவசாயக் குடும்பம். போகிற பஸ்ஸைப் பிடிக்கிறவள் மாதிரி ஓடி வந்து போடுகிறாள். எங்கே விழும் என்று அவளுக்கே தெரியாது, ஆனால் விழுந்தால் எழும்புகிறது. நேற்று சோலைராஜ் சார் புதுப் பந்தை அவளிடம் கொடுத்துவிட்டு என்னிடம், "மாரி, நீ ரெண்டாவது மாத்தா வாம்மா" என்றார். ஐந்து வருடத்தில் புதுப் பந்து என் கைக்கு வராதது இதுதான் முதல் தடவை. எல்லைக்கோட்டில் போய் நின்றேன். நிற்க முடியவில்லை, அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டே இருந்தேன்.

சாரிடம் நீ எதுவும் சொல்லக் கூடாது. சொன்னால் நம் பழக்கம் அத்தோடு முடிந்தது.

விரல் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது. மற்றது வேண்டாம்.

மாரிச்செல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
11 ஆகஸ்ட் 2025

ஏட்டி மாரி,

விரல் நன்றாக இருக்கிறது. பதினேழாம் தேதி கட்டைப் பிரிக்கிறார்கள். நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன், இனி நான் கேட்பதற்கு நீ சொல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். ஒன்றுமில்லை என்கிறாய், அடுத்த வரியிலேயே இரண்டு மாத்திரை என்கிறாய். எத்தனை நாளாக இரண்டு? எந்தப் பக்கம் வலி? இடது பக்கம், இடுப்புக்கு மேலே, முதுகெலும்பை ஒட்டித்தானே? ஸ்கூட்டியில் உட்காரும்போது வலது பக்கமாகச் சாய்ந்துகொள்கிறாயே, அது ஸ்டைல் என்றா நினைத்தேன்? போன வருடம் திண்டுக்கல் முகாமில் பிசியோ அக்கா எல்லாரையும் ஒன்று செய்யச் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? இடது காலில் மட்டும் நின்று, இடுப்பில் கை வைத்து, பின்னால் வளைந்து பார். ஊசி குத்தின மாதிரி ஒரே இடத்தில் பிடித்தால் அது பிடிப்பு இல்லை, எலும்பு. வலதுகைப் பந்து வீச்சாளர்களுக்கு அங்கேதான் விரிசல் விழும் என்றார். செய்து பார்த்துவிட்டு உண்மையை எழுது. சுவர் இருந்தால்தானே சித்திரம்?

நான் ஒன்றும் புண்ணியவதி இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். உனக்காக மட்டும் நான் பதினான்கில் நிற்கவில்லை. வேகமான பந்தைப் பிடித்தால்தான் கீப்பருக்குப் பெயர். உன் பந்து மெதுவாகிவிட்டது என்று தெரிந்தால் என்னையும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இப்போது எனக்குப் பதிலாகக் கார்த்திகா நிற்கிறாளாம். அவள் நன்றாகப் பிடிக்கிறாள் என்று யாராவது சொன்னால் வயிறு எரிகிறது. இந்தச் சாவடியில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய? வண்டி வந்தால் எழுதுகிறேன், வராவிட்டால் சுவரில் பந்தை எறிந்து இடது கையால் பிடிக்கிறேன். நேற்று ஒரு குரங்கு பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதைத் துரத்திக்கொண்டு அரை மணி நேரம் ஓடினேன். வனக்காவலர் வேலையின் லட்சணம் இது.

இருபதாம் தேதிக்குள் சாரிடம் நீயே சொல். இல்லாவிட்டால் நான் சொல்வேன். பழக்கம் முடிந்தால் முடியட்டும்.

ஜெயா


ராஜபாளையம்
16 ஆகஸ்ட் 2025

ஜெயா,

செய்து பார்த்தேன். மொட்டை மாடியில், துணி காயப்போடப் போனபோது. பிடித்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா கீழேயிருந்து, "ஏட்டி, துணி காயப் போடவா போனே, கயிறு திரிக்கவா போனே?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

போதுமா? இப்போது சந்தோஷமா?

மில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் போனேன். ஸ்கேன் எடுத்து வா, அதுவரை பந்து போடாதே என்றார். நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். எடுத்தால் அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். எடுக்காதவரை பிடிப்புதான்.

நீ வனத்துறையில் இருக்கிறாய். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த வேலை, நாளைக்கு விளையாடாவிட்டாலும் யாரும் பிடுங்க மாட்டார்கள். எனக்கு அப்படியா? முகாமுக்குப் பெயர் வந்தால்தான் மில்லில் விளையாட லீவு தருவார்கள். எனக்கு இருபத்தேழு முடிகிறது. இந்த வருடம் போகவில்லை என்றால் அடுத்த வருடம் என் பெயரை யார் எழுதுவார்கள்? அம்மா ஏற்கெனவே சிவகாசியில் ஒரு ஜாதகத்தை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறாள். "முப்பத்தொண்ணு முடியட்டும், பொறவு பேசுவோம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு போட்டி. எட்டு ஓவர். அதற்குப் பிறகு முதுகு ஒடிந்தாலும் சரி.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், நீயே யார் மூலமாவது கேள்விப்படுவதற்கு முன்னால். கார்த்திகாவையும் பதினான்கில் நிற்கச் சொல்லிவிட்டேன். அவள் சின்னப் பிள்ளை, ஏன் என்று கேட்கவில்லை. பந்து தவழ்ந்து வருகிறது, குனிந்து குனிந்து எடுக்கிறாள். சார் நாற்காலியில் உட்கார்ந்து, "மாரிக்கு இன்னும் பதினாலு" என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

அந்தப் பரிபூரணம் இதைக் கவனித்துவிட்டாள். அவளுக்குக் கார்த்திகா பன்னிரண்டில்தான் நிற்கிறாள். உண்மையைச் சொன்னால் என்னைவிட அவள்தான் வேகம். ஆனால் அவளுக்கு அது தெரியாது. நேற்று சுதந்திர தின மேட்ச் முடிந்ததும் கார்த்திகாவோடு சண்டை. "அக்காவுக்குப் பதினாலு, எனக்கு மட்டும் பன்னெண்டா? பின்னால போய் நில்லு." சாரும் சேர்ந்துகொண்டு, "இன்னும் வேகம் வேணும்மா, மாரி அளவுக்கு வா" என்கிறார். பிள்ளை பயிற்சி முடிந்த பிறகும் தனியாக ஓடி ஓடிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு வரவில்லை ஜெயா. வேறு என்னவோ வருகிறது.

நீ சாரிடம் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

மாரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
20 ஆகஸ்ட் 2025

ஏட்டி மாரி,

திங்கட்கிழமை ராஜபாளையம் வந்தேன். உனக்குத் தெரியாது. கட்டுப் பிரித்த மறுநாள், சோலைராஜ் சார் வீட்டுக்குத்தான் நேரே போனேன். கேட்டைத் திறந்தேன், அவர் வீட்டம்மா வந்து, "வாம்மா, அவிய இப்பத்தான் வெளிய போனாவ, செத்த நேரம் உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். மோர் கொடுத்தார். குடித்தேன். கால் மணி நேரம் இருந்திருப்பேன். உட்கார முடியவில்லை. 'கெஞ்சிக் கேட்கிறேன்' என்று நீ எழுதுவாய் என்று எனக்குள் தோன்றிக்கொண்டே இருந்தது. "சும்மாதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். நேற்று உன் கடிதம் வந்தது. அதில் அதே வார்த்தை இருந்தது.

சொல்லவில்லை. உனக்குக் கொடுத்த கெடுவை நானே மீறிவிட்டேன். எனக்கு என் மேல்தான் எரிச்சல்.

வேலை பற்றி நீ எழுதியது வலித்தது. ஆனால் பொய் இல்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் ஸ்கேன் எடுத்திருக்க மாட்டேனோ என்னவோ. அதற்காக நீ செய்வது சரியாகிவிடாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். முப்பத்தொன்றாம் தேதி நான்தான் கீப்பிங். விரல் மடங்குகிறது, சாரும் போனில் வரச் சொல்லிவிட்டார். உன் பந்துக்கு நான் பதினொன்றில் நிற்பேன். யார் என்ன எழுதிக்கொண்டாலும் சரி. பந்து எங்கே வருகிறதோ அங்கேதான் நிற்பேன். என்னால் வாய் திறந்து உன்னைக் காட்டிக்கொடுக்க முடியவில்லை, கால் பொய் சொல்லாமலாவது இருக்கட்டும்.

அந்தப் பிள்ளை விஷயம் எனக்கு நல்லதாகப் படவில்லை. இல்லாத வேகத்தை நாம் இருவரும் சேர்ந்து இருப்பதாகக் காட்டினோம். அவள் அதைத் துரத்துகிறாள். அவளிடமாவது சொல், பன்னிரண்டே பெரிது என்று.

ஜெயா


ராஜபாளையம்
28 ஆகஸ்ட் 2025

ஜெயா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் மைதானத்துக்குப் போனேன். சொல்லவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், குறுக்கே எதுவும் நினைக்காமல் படி.

பயிற்சி ஆட்டம். தொடங்குவதற்கு முன்னால் பரிபூரணம் என் பைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க போடுதீங்களே, அந்த மாத்திரையில ஒண்ணு தாங்கக்கா."

"எங்கட்டி வலிக்கி?"

"எங்கயும் இல்லக்கா. சும்மா லேசா."

அந்த 'சும்மா லேசா' எனக்குத் தெரியாதா? மூன்று மாதமாக நான் சொல்லிக்கொண்டிருப்பது அதுதானே. அவள் உட்கார்ந்தபோது இடது காலை நீட்டி வைத்துத்தான் உட்கார்ந்தாள். பார்த்தேன். பார்த்துவிட்டு அட்டையைக் கிழித்து ஒன்று கொடுத்தேன். ஒன்று போதுமா என்றுகூடக் கேட்டேன்.

ஏன் கொடுத்தேன் என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன். பாவம் என்று கொடுக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது: இவள் விழுந்தால் முகாமுக்கு நான்தான். நினைத்தேன் ஜெயா. தெரிந்தே நினைத்தேன். அதற்குப் பிறகுதான் கை பைக்குள் போனது.

ஆறு ஓவர் போட்டாள். என்ன பந்து தெரியுமா? கார்த்திகா தானாகவே ஒரு தப்படி பின்னால் போனாள். பரி என்னைப் பார்த்துச் சிரித்து, "பதிமூணுக்கா" என்றாள். ஏழாவது ஓவர், மூன்றாவது பந்து. இடது காலை ஊன்றியவள் அப்படியே மடிந்து விழுந்தாள். கத்தவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பைப் பிடித்துக்கொண்டு மண்ணில் முகத்தை வைத்திருந்தாள். முதலில் ஓடியது நான்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது: "அக்கா, சார்ட்ட சொல்லிராதீங்கக்கா. மாத்திரைய சொல்லிராதீங்க."

நான் சொல்லிவிட்டேன். அங்கேயே, அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே. மாத்திரை, என் முதுகு, பதினான்கு எல்லாவற்றையும். சார் நோட்டை மூடினார். "எம்புட்டு நாளா?" என்றார். ஜூன் மாதத்திலிருந்து என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அம்புட்டு நாளும் நான் இந்த நாற்காலியில உக்காந்து என்னத்தப் பாத்தேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

நீ அன்று அந்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கக் கூடாது ஏட்டி. நான் சொல்லாதே என்றேன், சரிதான். நீ கேட்டிருக்கக் கூடாது. இதைக் கோபமாக எழுதவில்லை. நாம் இருவரும் செய்ததுதான்.

திங்கட்கிழமை மதுரையில் இரண்டு பேருக்கும் ஸ்கேன். சார் கூட்டிப் போனார், பரியின் அம்மா இருளம்மாளும் வந்தார். பஸ்ஸில் போகும்போது அவரிடம் எல்லாம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது மட்டும் எனக்கும் ஒரு இலைத் துண்டில் நான்கு இட்லி வைத்து, முகத்தைப் பார்க்காமல் நகர்த்தினார். அதைத் தின்ன என்னால் முடியவில்லை, தின்னாமல் இருக்கவும் முடியவில்லை.

பரிக்கு விரிசல் விழவில்லை. விழுவதற்கு முந்தின நிலையாம். ஆறு வாரம் ஓடாமல் இருந்தால் எலும்பு ஆறிவிடும், பழையபடி போடலாம் என்றார் டாக்டர். முப்பத்தொன்று அவளுக்குப் போனது. வயது இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், அவள் கேட்கவில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. அக்கா என்று கூப்பிட்ட வாயால் நேற்று கார்த்திகாவிடம், "அவகிட்ட எனக்கு என்ன பேச்சு" என்றாளாம். எனக்கு அது வேண்டும்தான்.

எனக்கு இடுப்புக்கு மேலே, முதுகெலும்பில், இடது பக்கம் விரிசல். நீ சொன்ன அதே இடம். பழைய விரிசல், அது மேலும் பிளந்திருக்கிறது. நான்கு மாதம் பந்தைத் தொடக் கூடாது, குனிந்து வாளி தூக்கக் கூடாது. இடுப்புக்கு ஒரு பட்டை போட்டிருக்கிறார்கள். மில்லில் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டிருக்கிறேன். அம்மா ஜாதகத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வாளித் தண்ணீரை அவளே தூக்கிக்கொண்டு போகிறாள். அதைப் பார்த்துத்தான் அழுதேன், ஸ்கேனைப் பார்த்து அழவில்லை.

உன்னிடம் நேரில் கேட்க வேண்டியது, இதில் எழுதுகிறேன். அன்று எல்லார் முன்னாலும் கேட்சை விட்டாய் என்றேனே, அது பொய் என்று பந்து உன் முன்னால் விழும்போதே எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள். முப்பத்தொன்றாம் தேதி நீ நன்றாகப் பிடி. கார்த்திகா பொறாமைப்படுகிற மாதிரிப் பிடி.

ஒரே ஒரு காரியம். டாக்டர் நான்கு மாதம் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு என்ன என்று சொல்ல வாயெடுத்தார். "பொறவு வந்து கேட்டுக்கிடுதேன் டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டேன். எனக்கு இனிமேல் வேகமாகப் போட முடியுமா, முடியாதா என்பதுதான் அது. சார் கேட்டார், அம்மா கேட்டாள், இரண்டு பேரிடமும் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி மதுரைக்கு வரச் சொல்லியிருக்கிறார். நீ லீவு போட்டுவிட்டு வா. அவர் சொல்லும்போது பக்கத்தில் நில். தனியாகக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

மாரி